கரீம் பாயின் கைப்பழக்கம்

கரீம் பாய் பிரஸ் ஓட்டும்போது பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது. அவிநாசி ரோட்டுப் பக்கம் இருக்கும் அந்த ஜவுளி ஆராய்ச்சிக் கூடத்தில் இது எழுதப்படாத சட்டம். டாக்டர் பட்டம் வாங்கியவர்களும் வாங்கப் போகிறவர்களும் தரையில் அடித்த மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுகொள்ள வேண்டும். சூட்டு மெஷின், கை பட்டால் தோல் உரிந்துவிடும் என்று காரணம் சொல்வார். நிஜக் காரணம் வேறு. தன் வேலையை ஒருத்தர் எட்டிப் பார்ப்பது அவருக்குப் பிடிக்காது. எட்டாம் வகுப்போடு நின்றுபோன மனிதருக்கு அவ்வளவு ரோஷம். அந்த ரோஷத்தை அப்போதே யாராவது கொஞ்சம் அடக்கி வைத்திருந்தால் இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதே இல்லை.

கோட்டைமேட்டுக்காரர். ஆராய்ச்சிக் கூடத்துக்கு வருவதற்கு முன்னால் இருபது வருஷம் கணபதியில் ஒரு ரப்பர் பட்டறையில் இருந்தார். மோட்டார் பம்புக்கு வாஷர் அழுத்துகிற வேலை. பட்டறையை மூடியபோது, கூடத்தில் ஒரு பழைய ஹைட்ராலிக் பிரஸ் ஓட்டத் தெரிந்த ஆளில்லாமல் கிடக்கிறது என்று யாரோ சொல்ல, போய்ச் சேர்ந்துகொண்டார். மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு கனத்த இரும்புப் பலகைகள். இரண்டும் சூடாகும். நெம்புகோலை அடிக்க அடிக்கக் கீழ்ப்பலகை ஏறி மேல்பலகையோடு இறுகும். பக்கத்தில் இருக்கும் வால்வைத் திருப்பினால் அழுத்தம் இறங்கிப் பலகை விலகும். அவ்வளவுதான் மெஷின். அதைக் கரீம் பாய் மாதிரி ஓட்ட அந்த வளாகத்தில் ஆள் கிடையாது. இதை நான் சொல்லவில்லை, அவரே சொல்வார்.

அந்தக் கூடத்தில்தான் அவருடைய ஒரே மகள் ரூபினா ஆராய்ச்சி மாணவியாக வந்து சேர்ந்தாள். வேதியியலில் முதுகலை முடித்துவிட்டு, பேராசிரியர் ரங்கராஜிடம் பி.எச்.டி.க்குப் பதிவு செய்துகொண்டாள். பிரஸ்காரர் மகள் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு அதே கட்டடத்துக்குள் நுழைந்த அன்று பாய்க்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் வெளியில் காட்டிக்கொள்ள மாட்டார். வீட்டில் ‘கண்ணு’ என்று கூப்பிடுகிறவர் கூடத்தில் ‘மேடம்’ என்று கூப்பிட்டார். அவளும் சளைக்காமல் ‘பாய், இந்தத் தாளைக் கொஞ்சம் அழுத்திக் குடுங்க’ என்பாள். மத்தியானம் இரண்டு பேரும், பாயின் மனைவி உம்மல் குல்சும் கட்டிக் கொடுத்த ஒரே டிபன் கேரியரைப் பிரித்துச் சாப்பிடுவார்கள்.

ரூபினா செய்த தாள் நாம் எழுதுகிற தாள் இல்லை. ஊசிக் குழாயில் பிளாஸ்டிக் கரைசலை நிரப்பி, ஊசி முனைக்கு ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரம் கொடுத்தால், கண்ணுக்கே தெரியாத இழை ஒன்று கிளம்பிப் போய்ச் சுழலும் உருளையில் படியும். மணிக்கணக்கில் படிந்து படிந்து ஒரு வெள்ளைத் தாளாகும். உரித்தெடுத்தால் ஊதினால் பறக்கும், இழுத்தால் கிழியும். அதைச் சூட்டிலும் அழுத்தத்திலும் அளவாக வைத்தெடுக்க வேண்டும். அப்போது இழையின் மேல் இழை குறுக்கே படுகிற இடங்கள் மட்டும் ஒட்டிக்கொள்ளும், தாளுக்கு உறுதி வரும். சூடு கொஞ்சம் கூடினால் நுண்துளைகளெல்லாம் அடைந்து வெறும் பிளாஸ்டிக் ஆகிவிடும். குறைந்தால் பழையபடி பஞ்சுதான்.

அவள் அந்தத் தாளைச் சாயப்பட்டறைத் தண்ணீருக்காகச் செய்தாள். சாயக்கழிவைச் சுடவைத்துத் தாளின் ஒரு பக்கமாக ஓடவிட்டால், ஆவி மட்டும் துளை வழியாக மறுபக்கம் போய் நல்ல தண்ணீராக இறங்க வேண்டும். உப்பும் சாயமும் இந்தப் பக்கமே நிற்க வேண்டும். மூன்று வருஷம் போராடி ஒரு கணக்குக்கு வந்தாள்: நூற்று நாற்பத்தைந்து டிகிரி, இன்ன அழுத்தம், நாலு நிமிஷம். பக்கத்து அறையில் அவள் இழை ஓட்டிக்கொண்டே இருப்பாள், இந்த அறையில் பாய் அழுத்திக் கொடுப்பார். தாள் கண்ணாடி மாதிரி வழவழவென்று வரும். ஒரு துளி உப்புகூடத் தாண்டவில்லை. வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றில் கட்டுரை வந்தது. பல்லடத்தில் ஒரு கம்பெனி, எங்கள் புது மெஷினில் இதே தாளைப் பெரிய அளவில் போட்டுப் பார்க்கிறோம் என்று முன்வந்தது.

அங்கேதான் விழுந்தது அடி. பல்லடத்தில் போட்ட தாள்களில் பாதிக்கு மேல் கொப்புளம். கொப்புளம் வந்த இடமெல்லாம் ஒழுகியது. சூட்டை மாற்றினார்கள், நேரத்தை மாற்றினார்கள், ரூபினாவே நாலு தடவை போய் நின்று பார்த்தாள். வரவில்லை. ஆய்விதழுக்கு யாரோ எழுதிப் போட்டார்கள், இந்தக் கட்டுரையில் இருக்கிற முடிவுகள் எங்கள் கைக்கு வரவில்லை என்று. அப்புறம் விசாரணைக் குழு வந்தது. கேள்வி ஒன்றே ஒன்று: இந்தப் பெண் எண்களை இட்டுக்கட்டி எழுதினாளா?

குழு தன் வேலையை ஒழுங்காகவே செய்தது. அதே கூடம், அதே பிரஸ், ரூபினாவின் நோட்டு. ஆனால் பிரஸ் ஓட்ட வெளியிலிருந்து ஒரு ஆளைக் கூட்டி வந்தார்கள். பெண்ணுடைய அப்பாவே அழுத்திக் கொடுத்தால் நாளைக்கு யார் ஒப்புக்கொள்வார்கள்? அது நியாயந்தான். கரீம் பாய் வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கதவு சாத்தியிருந்தது. வேறு யார் வீட்டுப் பிள்ளையாக இருந்திருந்தாலும் பிரஸ்காரரைத்தான் உள்ளே கூப்பிட்டு ஓட்டச் சொல்லியிருப்பார்கள், கோட்டைத் தாண்டி நின்று பார்த்திருப்பார்கள், சங்கதி அன்றைக்கே வெளிச்சத்துக்கு வந்திருக்கும். அப்பனாகப் போனதால் வராந்தாவில் உட்கார வேண்டியதாயிற்று.

உள்ளே போட்ட ஒன்பது தாளில் ஆறில் கொப்புளம் வந்தது.

பிறகு அவரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள், நோட்டில் எழுதியிருப்பதற்கு மேல் நீங்கள் ஏதாவது செய்தீர்களா என்று. இல்லீங்க என்றார். நன்றாக யோசித்துச் சொல்லுங்கள் என்றார்கள். ஒண்ணும் செய்யலீங்க என்றார் மறுபடியும். அதை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்ததைத்தான் சொன்னார்.

அன்று சாயந்தரம் வீட்டில் ரூபினாவும் அதே கேள்வியைக் கேட்டாள். கெஞ்சாத குறை. அத்தா, நல்லா ரோசனை பண்ணிச் சொல்லுங்க, சூட்டைக் கூடக் குறைச்சு வெச்சீங்களா, அடியில ஏதாச்சும் போட்டீங்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். பாய்க்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. இத்தனை வருஷம் பிரஸ் ஓட்டினவனை, பெற்ற மகளே சந்தேகப்படுகிறாளே என்று. கொஞ்ச நேரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதற்குள் மனசில் ஒரு கணக்கு ஓடியது. மெஷின் தப்புப் பண்ணாது. தன் கை தப்புப் பண்ணாது. மிச்சம் இருந்தது மகள்.

கோபமெல்லாம் இறங்கிப் போய், பாவம், பயந்து மறைக்கிறாள் என்று இரக்கம் வந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் தலையைத் தடவினார்.

“நீ ஏதாச்சும் மாத்தி எழுதியிருந்தா அத்தாகிட்ட மட்டும் சொல்லிப்போடு கண்ணு. நான் போயி அவிய கையப் புடிச்சுக் கேக்கறேன்.”

அன்பாகத்தான் சொன்னார். அதற்கு மேல் அன்பாக அவருக்குச் சொல்லத் தெரியாது. ரூபினா அவரைப் பார்த்தாள். எழுந்து போய் அடுப்படியில் அம்மாவோடு நின்று வெங்காயம் உரித்தாள். அழுதாளா, வெங்காயத்துக்குக் கண் கலங்கினாளா என்று உம்மல் குல்சுமுக்கே தெரியவில்லை.

கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். ஆராய்ச்சிப் பதிவை நிறுத்தி வைத்தார்கள். ரெண்டாம் மாசம் ரூபினா வால்பாறையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை தேடிக்கொண்டு போய்விட்டாள். மலை மேல் என்பதால் யாரும் எளிதில் வந்து துக்கம் விசாரிக்க மாட்டார்கள் என்று நினைத்தாளோ என்னவோ. உம்மல் குல்சும் மாசம் ஒரு தடவை பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். பாய் போகவில்லை. மனைவி திரும்பி வந்ததும், நல்லாச் சாப்பிடறாளா என்று மட்டும் கேட்பார். மகள் வந்து மன்னிப்புக் கேட்பாள், நாம் பெருந்தன்மையாக மன்னித்துவிடலாம் என்று ஒரு நினைப்பு அவருக்கு. பதினோரு மாதம் அந்த நினைப்பிலேயே வேலைக்குப் போய் வந்தார். கூடத்தில் அவரிடம் யாரும் ரூபினா பெயரை எடுக்க மாட்டார்கள். மத்தியானம் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவார். டிபன் கேரியரில் ஒரு அடுக்கு குறைந்துவிட்டது.

அந்த விவகாரத்துக்கு அப்புறம் ரங்கராஜ் புது உத்தரவு போட்டிருந்தார். இனிமேல் எந்தத் தாளை அழுத்தினாலும் கடிகாரமும் தெரிகிற மாதிரி முழுசாக வீடியோ எடுத்து வைக்க வேண்டும். மஞ்சள் கோட்டுச் சட்டம் அதோடு போயிற்று. பாய்க்கு எரிச்சல்தான். ஆனால் யார் பெண்ணால் இந்த உத்தரவு வந்தது என்று தெரியுமாகையால் வாயை மூடிக்கொண்டார். விசாரணையோடு பூட்டி வைத்த மெஷினை ரிப்பேருக்கு விட்டு, திரும்பி வரப் பத்து மாதத்துக்கு மேல் ஆயிற்று; அதுவரை பாய் கூடத்தில் வேறு வேலை பார்த்தார். திரும்பி வந்ததும் முதலில் தாள் கொண்டுவந்தவள் அக்ஷிதா, அந்த வருஷம் சேர்ந்த புதுப் பெண். போனைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். நாலு நிமிஷம் முடிந்து பலகை விலகியதும் கேட்டாள்.

“ஏனுங்க பாய், நடுவுல எதுக்குத் தொறந்தீங்க?”

எங்கே திறந்தேன் என்றார் பாய். அவள் போனைத் திருப்பிக் காட்டினாள்.

போனில் அவரே நின்றுகொண்டிருந்தார். நெம்புகோலை அடித்தார். அழுத்தம் காட்டும் முள் ஏறி நின்றது. அரை நிமிஷம் ஆனதும், முகம் எங்கோ ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்க, இடது கை தானாகப் போய் வால்வைத் திருப்பியது. பலகை நகக்கண் அளவுக்கு இறங்கியது. உடனே வால்வை மூடி வலது கை இரண்டு அடி அடித்தது. மறுபடியும் இறுகியது. எல்லாம் சேர்த்து மூன்று விநாடி இருக்கும். இன்னொரு தடவை போடச் சொன்னார். அப்புறம் இன்னொரு தடவை. நாலாவது தடவை அவர் கண்ணுக்கு எதுவும் சரியாகத் தெரியவில்லை.

ரப்பர் பட்டறையில் அதற்கு மூச்சு விடுவது என்று பெயர். அச்சை மூடிக் கொஞ்ச நேரத்தில் ஒரு முறை லேசாகத் திறந்து மூட வேண்டும். உள்ளே மாட்டிக்கொண்ட காற்றும் ஆவியும் போய்விடும். விடாவிட்டால் வாஷரில் கொப்புளம் வரும். சேர்ந்த முதல் வாரத்தில் கற்றுக்கொண்டது, இருபது வருஷத்தில் லட்சம் தடவை செய்தது. செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போகிற மாதிரி. இன்றைக்குச் செருப்பைக் கழற்றினாயா என்று யாராவது கேட்டால், கேட்கிறவன் வேறு எதையோ கேட்கிறான் என்றுதானே நினைப்போம்? குழு கேட்டபோது, எதையாவது கலந்தாயா, கூட்டினாயா என்று கேட்கிறார்கள் என்று நினைத்தார். பிரஸ்ஸை மூடுவது என்றால் அவர் கைக்கு அதுவும் சேர்த்துத்தான்.

அன்றைக்கே ரங்கராஜிடம் போனார். நின்றுகொண்டே சொன்னார், உட்காரவில்லை. ரங்கராஜ் நல்ல மனிதர். வெள்ளகோவில் பக்கம் விவசாயக் குடும்பம், தெலுங்கு பேசுகிற வீட்டில் பிறந்தவர், சத்தமாகப் பேசக்கூட மாட்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வாங்க பாய் என்று அவரே பிரஸ் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு வாரம் ஆயிற்று. மூச்சு விட்டுப் பத்துத் தாள், விடாமல் பத்துத் தாள். விட்ட பத்தும் வழவழவென்று வந்தன. விடாததில் ஏழில் கொப்புளம். கடைசித் தாளை ரங்கராஜ் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அந்தப் பெண்ணுக்கு நான் துணை நிற்கவில்லையே பாய் என்று மட்டும் சொன்னார். பிறகு விசாரணைக் குழுவுக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதினார். எண்கள் பொய்யில்லை, செய்முறையில் ஒரு படி எழுதாமல் விடுபட்டிருக்கிறது, அது மாணவிக்கும் தெரியாது, ஓட்டியவருக்கும் தெரியாது என்று. ரூபினாவும் கையெழுத்துப் போட்டால் மறுவிசாரணை கேட்கலாம். ஆய்விதழுக்கும் எழுதலாம்.

கடிதத்தையும் ஒரு நல்ல தாளையும் எடுத்துக்கொண்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கரீம் பாய் பொள்ளாச்சி போய் வால்பாறை பஸ் ஏறினார். அக்ஷிதா வீடியோவை அவர் போனுக்கு அனுப்பி வைத்திருந்தாள். கொண்டை ஊசி வளைவுகளில் பக்கத்து ஆள் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வந்தார். பாய்க்குத் தலைசுற்றல்கூடத் தெரியவில்லை. மகளிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். இத்தனை சந்தோஷமாக அவர் பஸ்ஸில் போனது கல்யாணமான புதிதில்தான் இருக்கும்.

ரூபினா பள்ளிக்கூடத்துக்குக் கீழே தோட்டத்து ஆட்களுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் இருந்தாள். கதவைத் திறந்தவள் ஒரு நொடி நின்றுவிட்டு, வாங்கத்தா என்று ஒதுங்கி வழிவிட்டாள். மெலிந்திருந்தாள். டீ போட்டுக் கொடுத்தாள். அவர் டீயைத் தொடாமல் போனை எடுத்து நீட்டினார்.

வீடியோவைப் பார்க்கப் பார்க்க அவள் முகம் மாறியது. கை வால்வுக்குப் போகிற இடத்தில் நிறுத்தினாள், பின்னால் தள்ளினாள், மறுபடி பார்த்தாள். அட, கரைசலோட ஆவி உள்ளயே நின்னிருக்குது, இழை அதுக்குள்ள ஒட்டிப்போச்சு, போறதுக்கு வழியில்லாமத்தான் கொப்புளம் என்று தனக்குத்தானே பேசிக்கொண்டாள். பேப்பரை இழுத்து ஏதோ படம் போட்டாள். எத்தனை டிகிரியில் திறக்கிறீங்க, எத்தனை விநாடி என்று கேட்டாள். பாய் வாயெல்லாம் பல்லாகப் பதில் சொன்னார். பழைய மேடம் திரும்பி வந்துவிட்டாள் என்றே நினைத்தார். கடிதத்தைக் கொடுத்தார். அதையும் படித்தாள், இரண்டு தடவை.

“கெளம்பு கண்ணு, நாளைக்கே போலாம். உன்னைய யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது இனி.”

ரூபினா கடிதத்தை மடித்தாள். ஜன்னலுக்கு வெளியே தேயிலைச் சரிவில் மழை இறங்கிக்கொண்டிருந்தது. அவரைப் பார்க்காமலே கேட்டாள்.

“இந்த வீடியோ கெடைக்காமப் போயிருந்தா இன்னிக்கு வந்திருப்பீங்களாத்தா?”

பாய்க்கு முதலில் கேள்வியே புரியவில்லை. புரிந்தபோது டீ டம்ளரைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஊரில் பாதி அப்பன்மார்கள் சொல்லியிருப்பார்கள். மகளும் நம்பின மாதிரி இருந்திருப்பாள். ஆனால் அந்த மனிதர் குழு முன்னாலும் பொய் சொல்லவில்லை, வீட்டிலும் சொன்னதில்லை.

“வந்திருக்க மாட்டேன் கண்ணு,” என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். கோபம் இல்லை. கோபமாவது பட்டிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

“கமிட்டிக்காரங்க ஆதாரம் கேட்டாங்க, அது அவிய வேலை. அம்மா ஒண்ணுமே கேக்கல. நீங்கதான் தலையத் தடவிட்டே கேட்டீங்க. எனக்கு அன்னிக்கே எல்லாம் முடிஞ்சு போச்சுங்கத்தா.”

பாய் கையை நீட்டினார், எதற்கென்று தெரியாமல். நீட்டிய கையை முழங்கால் மேல் வைத்துக்கொண்டார். தப்புப் பண்ணிப்போட்டேன் என்று சொன்னார். அவள் அது தெரியுமென்பது போலக் கேட்டுக்கொண்டாள். பேனாவை எடுத்துக் கடிதத்தில் தன் பெயருக்கு நேராகக் கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டு அவரிடம் கொடுத்தாள்.

“விசாரணைக்கு வாரேன். ரங்கராஜ் சார்கிட்டச் சொல்லீருங்க. லேடீஸ் ஹாஸ்டல்ல தங்கிக்கறேன். ஊட்டுக்கு மட்டும் கூப்புடாதீங்க.”

ஆறிப்போன டீயை எடுத்துக்கொண்டு போய் வேறு டீ போட்டு வந்தாள். பாய் அதை முழுசாகக் குடித்தார். மூன்று மணி பஸ்ஸை விட்டால் அடுத்ததுக்கு ரொம்ப நேரம் நிற்க வேண்டும் என்று அவளே சொல்லி, குடை பிடித்துக்கொண்டு ஸ்டாண்டு வரைக்கும் வந்து ஏற்றிவிட்டாள்.